பட்டமும் பொறுப்பும்: பாண்டிய நாட்டு வஜீர்கள் தரும் பாடம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக, ஆமீன்.

 

நம் ஊர்களில் ஒரு மார்க்க விழா நோட்டீஸ் அச்சாகி வந்தால் நாம் முதலில் பார்ப்பது எதை? விழாவின் தலைப்பையா, பெயர்களின் வரிசையையா? கொடைவள்ளல், சமுதாயச் செம்மல், மார்க்கக் காவலர் என்று பெயர்களுக்கு முன்னால் பட்டங்கள் அணிவகுத்து நிற்கின்றன. பெயர் விடுபட்டதற்காகவும் பட்டம் விடுபட்டதற்காகவும் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை நாம் அறிவோம். ஆகவே, பட்டங்கள் நம் சரித்திரத்தில் எவ்வாறு பிறந்தன, எவ்வாறு பெருகின, அவற்றைச் சுமந்த வஜீர்களும் அமீர்களும் என்னவானார்கள் என்பதை, நம் பாண்டிய நாட்டையே முக்கிய உதாரணமாகக் கொண்டு சிந்திக்க விரும்புகிறோம்.

பணியிலிருந்து பிறந்த பட்டம்

பட்டம் என்பதே தவறு என்று நாம் கூறவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸித்தீக் என்றும், உமர் (ரலி) அவர்கள் ஃபாரூக் என்றும் அழைக்கப்பட்டார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களை இந்த உம்மத்தின் அமீன், அதாவது நம்பிக்கைக்குரியவர் என்று நபியவர்கள் சிறப்பித்தார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் வாள் எனப்பட்டார்கள். இவை யாவும் முதலில் குணமும் பணியும் வந்து, பின்னர் வந்த பெயர்கள்.

காலித் (ரலி) அவர்களைத் தலைமைத் தளபதிப் பொறுப்பிலிருந்து உமர் (ரலி) அவர்கள் விலக்கியபோது, அப்பொறுப்பு அபூ உபைதா (ரலி) அவர்களிடம் சென்றது. அல்லாஹ்வின் வாள் என்று பெயர் பெற்றவர், அந்த அமீனின் கீழ் தொடர்ந்து போர் புரிந்தார். பதவி போன பின்பும் பணி நிற்கவில்லை.

ஆட்சித் தலைவருக்குரிய பெயரும் அவ்வாறே எளிமையாக அமைந்தது. முதல் கலீஃபா, அல்லாஹ்வின் தூதருடைய பிரதிநிதி எனப்பட்டார். அடுத்து வந்தவரைப் பிரதிநிதியின் பிரதிநிதி என்று நீட்டிக்கொண்டே போக இயலாது என்பதால், அமீருல் முஃமினீன் என்ற சுருக்கமான பெயர் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் நிலைபெற்றது. பெயரைச் சுருக்கவே அன்று வழி தேடினார்கள். நீட்டுவதற்கு வழி தேடும் காலம் பின்னால் வந்தது.

பக்தாதில் பெருகிய பட்டங்கள்

அப்பாசியர் ஆட்சியின் தொடக்கத்தில் வஜீர் என்ற பட்டத்தை முதன்முதலில் ஏற்றவர் அபூ ஸலமா. நபிகளாரின் குடும்பத்தாருடைய வஜீர் என்று அழைக்கப்பட்ட அவர், கி.பி. 750ஆம் ஆண்டில், பதவியேற்றுச் சில மாதங்களிலேயே கொல்லப்பட்டார். ஹாரூன் ரஷீதின் வஜீரான பர்மகி குடும்பத்து யஹ்யாவைக் கலீஃபாவே தந்தை என்று அழைத்தார். 17 ஆண்டுகள் அக்குடும்பத்தாரின் கையெழுத்தில் பேரரசு இயங்கியது. 803ஆம் ஆண்டில் ஓர் இரவில் யாவும் முடிந்தன. மகன் ஜஃபர் வெட்டுண்டார். யஹ்யா சிறையில் மரணமடைந்தார்.

அதன் பின்னர் கலீஃபாக்களின் கை தளர்ந்தது. கை தளரத் தளரப் பட்டங்கள் பெருகின. 945ஆம் ஆண்டில் புவைஹி சகோதரர்கள் மூவருக்குக் கலீஃபா முஸ்தக்ஃபி பட்டம் வழங்கினார். ஒருவர் இமாதுத் தவ்லா, அரசின் தூண். ஒருவர் ருக்னுத் தவ்லா, அரசின் ஆதாரம். மற்றவர் முஇஸ்ஸுத் தவ்லா, அரசுக்குக் கண்ணியம் சேர்ப்பவர். சில வாரங்களே கழிந்தன. அரசுக்குக் கண்ணியம் சேர்ப்பவர் என்று பட்டம் பெற்றவரே, பட்டம் தந்த கலீஃபாவை அரியணையிலிருந்து இறக்கினார். கலீஃபாவின் கண்களும் பறிக்கப்பட்டன.

வேண்டியவர்க்கும் வேண்டாதவர்க்கும் வரைமுறையின்றிப் பட்டங்களை அப்பாசியர் வாரி வழங்கியதை அறிஞர் அல்பிரூனி கடுமையாக விமர்சித்திருக்கிறார். ஸல்ஜூக்கியரின் பெரும் வஜீராக 1064 முதல் 1092 வரை பணியாற்றிய துஸ் நகரத்து ஹஸன், சியாஸத் நாமா என்னும் தம் நூலில், பட்டங்கள் மலிந்து மதிப்பிழந்ததைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதினார். அவரை உலகம் அறிந்திருப்பதும் நிஜாமுல் முல்க் என்ற பட்டத்தால்தான்! ஆயினும் அவர் பெயரை இன்றளவும் வாழவைப்பது, அவர் பக்தாதில் நிறுவியதும் இமாம் கஸ்ஸாலி அவர்கள் பாடம் நடத்தியதுமான நிஜாமிய்யா மதரஸா அன்றோ?

இங்கே இமாம் மாவர்தீ அவர்களை நினைவுகூர்வது நம் கடமை. ஹிஜ்ரி 429இல், பக்தாதை ஆண்ட ஜலாலுத் தவ்லா, அரசர்களுக்கெல்லாம் அரசர் என்ற பட்டத்தை விரும்பினார். அப்பட்டம் குத்பாவில் ஓதப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர். கதீபின் மீது கற்கள் பறந்தன. சட்ட அறிஞர்களிடம் ஃபத்வா கேட்கப்பட்டது. பலர், பூமியிலுள்ள அரசர்களையே அது குறிக்கும் என்று விளக்கமளித்து அனுமதித்தனர். மாவர்தீ அவர்கள் மறுத்தார்கள். அத்தகைய பெயரைச் சூடிக்கொள்பவனே அல்லாஹ்விடம் மிகவும் இழிவானவன் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருப்பதை நாம் அறிவோம்.

மாவர்தீ அவர்கள் அந்த அரசரின் நெருங்கிய நண்பர். அவரது அவைக்கு நாள்தோறும் சென்றுவந்தவர். ஃபத்வாவுக்குப் பின் அச்சத்துடன் வீட்டிலேயே இருந்துவிட்டார். அரசர் அவரை அழைத்தார். நட்பிருந்தும் சத்தியத்தை விட்டுக்கொடுக்காத அவரது நேர்மையை மெச்சி, முன்னிலும் அதிகமாகக் கண்ணியப்படுத்தினார். பட்டத்தை மறுத்துரைத்தவரின் மதிப்பு உயர்ந்தது.

காயல் துறையில் ஒரு வஜீர்

பெரியோர்களே! இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் என்று எண்ண வேண்டாம். நம்மில் பலர் பெயரோடு சுமக்கும் ராவுத்தர் என்பதும் ஒரு பட்டமே. குதிரை வீரன் என்பது அதன் பொருள். மயிலேறும் முருகனை அருணகிரிநாதர் இராவுத்தன் என்று விளிப்பதிலிருந்து, அச்சொல் தமிழில் எத்துணை மதிப்புடன் வழங்கியது என்பது விளங்கும். இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, சோனகச் சாமந்தப் பள்ளி என்றொரு பள்ளிவாசலைக் குறிப்பிடுகிறது. சோனகர் என்போர் முஸ்லிம்கள். சாமந்தர் என்பது அரசருக்குக் கீழ்ப்பட்ட தலைவரைக் குறிக்கும் பட்டம். அரபு நாட்டுப் பட்டத்தை இறக்குமதி செய்யாமல், இந்த மண்ணின் பட்டத்தோடே ஒரு பள்ளிவாசல் நின்றிருக்கிறது.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய மன்னரின் அரசவையில் வஜீராக விளங்கியவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மன்னரின் பிரதிநிதி, அமைச்சர், ஆலோசகர் ஆகிய மூன்று பொறுப்புகளும் அவரிடம் இருந்தன. பத்தன், மலிபத்தன், காயல் ஆகிய துறைமுகங்கள் அவருடைய நிர்வாகத்தில் விடப்பட்டிருந்தன. அவருடைய சகோதரர் ஜமாலுத்தீன் இப்ராஹீம், பாரசீக வளைகுடாவின் கைஸ் தீவைக் கையில் வைத்திருந்தவர். மலிக்குல் இஸ்லாம் என்ற பட்டம் உடையவர். அக்கரையில் அண்ணன், இக்கரையில் தம்பி என்று சொல்லும்படியாகக் கடல் வாணிகம் அக்குடும்பத்தின் கையில் இருந்தது.

பாண்டிய நாட்டில் குதிரை பெருகுவதில்லை. படைக்கோ குதிரை வேண்டும். ஆகவே ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்புவதென்று உடன்பாடு ஏற்பட்டது. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். அதாவது ஆண்டுக்கு 3,08,000 தீனார். வழியில் கடலில் மாண்டுபோகும் குதிரைக்கும் பாண்டிய மன்னரே விலை கொடுத்துவிடுவார். இந்நாட்டின் வெப்பமும் முறையற்ற தீவனமும் குதிரைகளைத் தின்றன. ஆண்டு முடிவில் எஞ்சுபவை சொற்பமே என்று மார்க்கோ போலோவும் எழுதுகிறார்.

ஒரு நிமிடம் சிந்தியுங்கள். வேற்று மார்க்கத்தைச் சேர்ந்த மன்னர், தம் துறைமுகங்களையும் சுங்க வருவாயையும் படைக்குரிய குதிரைக் கொள்முதலையும் ஒரு முஸ்லிமின் கையில் ஒப்படைத்திருக்கிறார். செத்த குதிரைக்கும் விலை தரும் அளவுக்கு உடன்பாடு அமைந்திருக்கிறது. அமானிதம் என்று நாம் ஓதுகிறோமே, அதன் நடைமுறை வடிவம் இதுவே. அதே வேளையில் அவர்கள் குறையற்ற மனிதர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. துறைமுகத்துக்கு வந்த சரக்குகளில் தகியுத்தீனின் முகவர்கள் முதலில் தேர்ந்தெடுத்த பின்னரே மற்ற வணிகர்கள் வாங்க முடிந்தது என்பதையும் வஸ்ஸாஃப் மறைக்கவில்லை. அதிகாரமும் வாணிகமும் ஒரே கையில் சேர்ந்தால் நேர்வது அதுதான்.

1303ஆம் ஆண்டில் தகியுத்தீன் வஃபாத்தானார். அவருடைய செல்வத்தை மன்னர் கைப்பற்ற எண்ணினார். மகன் ஸிராஜுத்தீன் 2,00,000 தீனார் செலுத்தி, சொத்தையும் தந்தையின் பதவியையும் காத்துக்கொண்டார். எத்துணை பெரிய வஜீரானாலும், அவர் கண் மூடியவுடன் பதவி திரும்ப விலைக்கு வருகிறது. ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மத், பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னர் கஸானின் தூதராகச் சீனம் சென்று மீண்டு வருகையில், கரையை நெருங்கும் வேளையில் இறையழைப்பை ஏற்றார். 1305ஆம் ஆண்டு வாக்கில், நம் தமிழ்க் கரையிலேயே சிறிய தந்தையின் கபுருக்கு அருகில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். மலிக் என்ற பட்டமுடையவருக்கும் இறுதியில் தேவைப்பட்டது ஆறடி நிலமே.

மதுரையில் ஓர் அபராதம்

1311ஆம் ஆண்டில் தில்லியின் மலிக் நாயிப் கஃபூர் மதுரை வரை படை நடத்தி வந்தார். 1318இல் குஸ்ரவ் கான் வந்தார். அப்படையெடுப்பின்போது தகீ என்ற பெருவணிகர், வருவது முஸ்லிம் படை என்ற நம்பிக்கையில் தப்பியோடாமல் இருந்தார் என்றும், அவருடைய செல்வத்தைப் பறித்துக்கொண்டு அவரையும் கொன்றார்கள் என்றும் தில்லி வரலாற்றாசிரியர் பரனீ பதிவு செய்திருக்கிறார். பட்டமும் மார்க்கப் பெயரும் ஒன்றாக இருந்தும் அந்த வணிகருக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

1330களின் நடுவில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தில்லியிலிருந்து பிரிந்து மதுரையில் தனியரசு கண்டார். அவர் வெளியிட்ட நாணயங்களில், தம்மை நபிகளாரின் வழித்தோன்றல் என்றும், ஏழை எளியோரின் தந்தை என்றும், உலகத்துக்கும் மார்க்கத்துக்கும் பெருமை என்றும் பொறித்துக்கொண்டார். ஐந்தாறு ஆண்டுகளில் அவருடைய அமீர்களில் ஒருவரே அவரைக் கொன்றார். அடுத்து வந்தவர் ஓராண்டு. அதற்கடுத்தவர் நாற்பது நாட்கள். பின்னர் கியாஸுத்தீன் வந்தார். மார்க்கத்தின் துயர் துடைப்பவர் என்பது அப்பெயரின் பொருள்.

அவருடைய காலத்தில் மதுரைக்கு வந்தவர் உலகப் பயணி இப்னு பதூதா. இருவரும் அஹ்ஸன் ஷாவின் புதல்விகளை மணந்தவர்கள். நம் வழக்கில் சகலைகள். அந்த உறவு அவருடைய எழுதுகோலைத் தடுக்கவில்லை. போரில் பிடிபட்ட பெண்களும் பச்சிளம் குழந்தைகளும் கொல்லப்பட்டதைக் கண்டு அவர் மனம் வெதும்பினார். வேறு எந்த அரசரும் செய்யாத இழிசெயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அவரது முடிவை விரைவாக்கினான் என்றும் எழுதினார். முதிய வயதில் சிறைப்பட்ட போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளருக்கு விடுதலை தருவதாகக் கூறிச் செல்வத்தையெல்லாம் பெற்றுக்கொண்டு, பிறகு அவரைக் கொன்றதையும் அவர் மறைக்கவில்லை. வாக்குறுதியை மீறுவது முனாஃபிக்கின் அடையாளம் என்று சிறு பிள்ளைகளுக்கு நாம் மதரஸாவில் கற்பிக்கிறோம். மார்க்கத்தின் துயர் துடைப்பவர் என்ற பட்டத்தோடு ஒருவர் அதைச் செய்தார்.

அவருக்குப் பின் நாஸிருத்தீன் அரியணை ஏறினார். கடற்படைத் தலைவர் குவாஜா ஸுரூரை வஜீராக்கி, தில்லியின் வஜீருக்கு நிகராக அவரைக் குவாஜா ஜஹான் என்றே அழைக்க வேண்டுமென்று ஆணையிட்டார். பழைய பெயரால் அழைப்பவர் இவ்வளவு தீனார் அபராதம் கட்ட வேண்டும்! இதையும் இப்னு பதூதாவே எழுதி வைத்திருக்கிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் கொள்ளை நோய் தலைநகரை வாரிக்கொண்டு போன நாட்களையடுத்து, புதிய அரசு போட்ட ஆணைகளில் இதுவும் ஒன்று என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். அந்த அரசு அரை நூற்றாண்டைக்கூடத் தாண்டவில்லை. 1378ஆம் ஆண்டோடு அதன் நாணயங்கள் நின்றுவிடுகின்றன.

ஒரே பாண்டிய நாடு. காயலில் ஒரு வஜீர் பிறருடைய நம்பிக்கையைச் சம்பாதித்தார். மதுரையில் அபராதம் போட்டு மரியாதையைச் சம்பாதிக்க முயன்றார்கள். எந்த மரபுக்கு நாம் வாரிசுகள் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கான்சாகிபும் ஆற்காட்டு நவாபும்

நம் வட்டாரம் வரையிலும் இக்கதை வந்து சேர்கிறது. 1750களில் கம்மந்தான் யூசுப் கான் நடத்திய படையெடுப்புகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டையும் இடம்பெற்றது. கான் சாகிப் என்பது அவருக்கு வழங்கிய மரியாதைப் பெயர். மதுரையின் கான்சாமேட்டுத் தெருவும், நம் வத்திராயிருப்புப் பக்கத்துக் கான்சாபுரமும் அவர் பெயரால் வந்தவை என்பது வழக்கு. அவருடைய நிர்வாகத் திறமையை ஆங்கிலத் தளபதி புல்லர்ட்டனே பிற்காலத்தில் பாராட்டினார். ஆனால் யாருக்காக அவர் வாளேந்தினாரோ அவர்களே, 1764 அக்டோபர் 15 அன்று மதுரை சம்மட்டிபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அவர் மீது படையனுப்பிய ஆற்காட்டு நவாப் முஹம்மது அலிக்கு முகலாயப் பேரரசர் வாலாஜா முதலிய பட்டங்களை வழங்கினார். பட்டங்களின் நீளத்தோடு ஆங்கிலக் கடன்காரர்களின் பட்டியலும் நீண்டது. அவருடைய கடன் விவகாரம் 1785இல் இலண்டன் நாடாளுமன்றத்திலேயே விவாதிக்கப்பட்டது. 1801இல் ஆட்சி கும்பினியின் கைக்குப் போனது. பட்டங்கள் மட்டும் எஞ்சின.

நமக்குரியது என்ன?

அன்பர்களே! முத்தவல்லி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் என்பதே அதன் பொருள். வக்ஃபு சொத்துக்கு அவர் உரிமையாளர் அல்லர். கணக்கு எழுதி, வக்ஃபு வாரியத்துக்கும் சமுதாயத்துக்கும் காட்ட வேண்டியவர். நாளை மறுமையில் கேட்கப்படவிருப்பதும் கணக்கே. செயலாளர், பொருளாளர் ஆகிய பெயர்களும் அத்தகையவையே. அவற்றுக்கு முன்னால் இன்னொரு பட்டம் எதற்கு?

ஆகவே மூன்று கோரிக்கைகளை ஜமாஅத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஜமாஅத் நோட்டீஸ், மினிட் புத்தகம், ஆண்டறிக்கை ஆகியவற்றில் பெயரும் பொறுப்பும் மட்டும் இடம்பெறட்டும். ஆலிம்களின் கல்விப் பட்டம் அவர்கள் ஓதிப் பெற்றது, அது இருக்கட்டும். நாமாகச் சூட்டிக்கொள்ளும் புகழ்மொழிகளை விட்டுவிடுவோம்.

இரண்டாவது, நோட்டீஸில் இடம்பெறாத ஊழியர்களை நாம் மறக்கலாகாது. தினமும் சுபுஹுக்கு முன் எழுந்து பள்ளிக் கதவைத் திறப்பவர் மோதினார். மையித்தைக் குளிப்பாட்டுபவர் ஒருவர். கபுர் வெட்டுபவர் ஒருவர். இவர்களுக்குரிய சம்பளம் மாதத்தின் முதல் வாரத்திலேயே கிடைப்பதை உறுதி செய்வோம். மாலை போட்டுக் கௌரவிப்பதைவிட அது மேலான கௌரவம்.

மூன்றாவது, பள்ளியின் வரவு செலவைக் கையில் வைத்திருப்பவரே பள்ளிக்குச் சரக்கு விற்பவராகவும் கட்டட வேலை எடுப்பவராகவும் இருக்கலாகாது. காயலின் முகவர்கள் முதலில் பொறுக்கிக்கொண்ட கதை நம் மஹல்லாவில் நடைபெற வேண்டாம். எந்த வேலைக்கும் வெளியார் விலைகளைக் கேட்டு, பொதுக்கூட்டத்தில் படித்துக்காட்டிய பின்னரே முடிவு செய்வோம்.

இவை யாரையும் குறை கூறுவதற்காகச் சொல்லப்பட்டவை அல்ல. பொறுப்பிலிருந்து விலகிய பின்பும் ஒருவர் முன்போல் முதல் ஸஃப்பில் வந்து நிற்பாரேயானால், சந்தா தவறாமல் செலுத்துவாரேயானால், புதிதாக வந்த நிர்வாகிக்குக் கணக்குப் புத்தகத்தை மனமுவந்து விளக்குவாரேயானால், அவரே காலித் (ரலி) அவர்களின் வழியில் நடப்பவர்.

நமக்கு வழங்கப்பட்ட பொறுப்புகளை அமானிதமாகக் கருதி நிறைவேற்றும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! முகஸ்துதியை விட்டும் பெருமையை விட்டும் நம்மைக் காப்பானாக! நம் இரு ஊர் ஜமாஅத்துகளிலும் ஒற்றுமையை நிலைபெறச் செய்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.